40,000 கன அடி

கொல்கத்தாவுக்குச் சரக்கு கொண்டுவரும் கப்பல் நேரே துறைமுகத்துக்குள் போய்விட முடியாது. கரை கண்ணுக்கே தெரியாத தூரத்தில், வங்காள விரிகுடாவில், சாண்ட்ஹெட்ஸ் என்ற இடத்தில் அது நிற்க வேண்டும். ஆற்றின் போக்கு தெரிந்த பைலட் அங்கேதான் ஏறுவார். அவர் ஏறிவிட்டால் உடனே கிளம்பலாம் என்றும் இல்லை. கடல் ஏறும் வேளை வர வேண்டும். நீர்மட்டம் உயர்ந்திருக்கும் அந்தச் சில மணி நேரத்துக்குள் மணல்திட்டுகளைத் தாண்டிவிட வேண்டும். கடலில் சுமார் 75 கிலோமீட்டர், ஆற்றுக்குள் சுமார் 145 கிலோமீட்டர் இந்தப் பயணம். இந்தியாவின் பெருந்துறைமுகங்களில் ஆற்றுக்குள் இருப்பது இது ஒன்றுதான்.

அந்த வழியில் இருக்கும் ஒரு திட்டுக்கு ‘ஜேம்ஸ் அண்ட் மேரி’ என்று பெயர். 1694-இல் அங்கே மூழ்கிய ‘ராயல் ஜேம்ஸ் அண்ட் மேரி’ என்ற கப்பலின் பெயர்தான் திட்டுக்கு வந்துவிட்டது. தாமோதரும் ரூப்நாராயணும் ஹூக்ளியில் வந்து சேரும் இரண்டு இடங்களுக்கு நடுவே, மூன்று ஆறுகளின் வண்டலும் குவியும் இடம் அது. கப்பலின் அடிவயிற்றுக்கும் ஆற்றுப் படுகைக்கும் நடுவே எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்ற கவலை கொல்கத்தாவுக்கு அன்று தொடங்கியது, இன்றும் தீரவில்லை. அந்தக் கவலையில்தான் கங்கையின் குறுக்கே ஒரு பெரும் கதவணை எழுந்தது. இரண்டு நாடுகள் அரை நூற்றாண்டாகச் சண்டை பிடிக்கின்றன. எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்பது ஒரே ஓர் எண்: வினாடிக்கு 40,000 கன அடி. இவ்வளவு தண்ணீர் ஹூக்ளியில் வந்தால் வண்டல் கடலுக்குப் போய்விடும், துறைமுகம் பிழைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு எங்கே பலித்தது, எங்கே பொய்த்தது என்பதை நாமே ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். கூட்டல், கழித்தல், பெருக்கல் போதும்.

அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை. சீனத் துறவி ஃபாஹியான் 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் சுற்றிவிட்டு, தாம்ரலிப்தி துறைமுகத்தில் கப்பலேறி 14 நாளில் இலங்கைக்குப் போய்ச் சேர்ந்தார். வங்காளத்தின் வாசல் அன்று அதுதான். இன்று அந்த ஊர் தாம்லுக். ரூப்நாராயண் கரையருகே இருக்கிறது. கடல்கப்பல் எதுவும் அந்தப் பக்கம் வருவதில்லை. தாம்ரலிப்தி தூர்ந்தபின் சரஸ்வதி என்ற கிளையாற்றின் கரையில் சப்தகிராமம் செழித்தது. 16-ஆம் நூற்றாண்டில் சரஸ்வதியும் வற்றத் தொடங்கியது. போர்த்துகீசியர்கள் அங்கிருந்து நகர்ந்து ஹூக்ளி என்ற ஊரில் கடை விரித்தார்கள்; ஆற்றுக்கும் அந்தப் பெயரே வந்தது. 1690-இல் ஜாப் சார்னாக் இன்னும் தெற்கே இறங்கி சுதானுட்டியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடம் பிடித்தார். அது கொல்கத்தா ஆனது. 1977-இல் கொல்கத்தாவுக்கே தெற்கே, ஆற்றுவழியில் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, ஹால்தியாவில் கப்பல்துறை திறந்தார்கள். இந்தப் பட்டியலில் அரசர்களும் கம்பெனிகளும் மாறுகிறார்கள். வண்டல் மட்டும் மாறவில்லை. வங்காளத்தில் துறைமுகம் என்பது நிலையான ஊர் அல்ல. கடலை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு தொழில்.

ஆனால் வண்டல் எப்போதும் இருந்ததுதானே? கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 100 கோடி டன் வண்டலைக் கொண்டுவருகின்றன. இமயமலையைக் கரைத்துக் கடலில் போடும் வேலை பல லட்சம் ஆண்டுகளாக நடக்கிறது. ஹூக்ளி மட்டும் ஏன் கடந்த சில நூற்றாண்டுகளில் நோய்வாய்ப்பட்டது?

காரணம் ஆறு பிரியும் தலைப்பில் இருக்கிறது. முர்ஷிதாபாத் மாவட்டத்தில் கங்கை இரண்டாகப் பிரிகிறது. கிழக்கே போவது பத்மா. அது வங்கதேசத்துக்குள் நுழைகிறது. தெற்கே திரும்புவது பாகீரதி. நவத்வீபத்தைத் தாண்டியதும் அதன் பெயர் ஹூக்ளி. ஒரு காலத்தில் கங்கையின் பெரும்பங்கு தண்ணீர் பாகீரதி வழியாகத்தான் கடலுக்குப் போனது. இன்றும் வங்காளத்து இந்துக்களுக்குப் புனிதக் கங்கை பாகீரதிதான். பத்மாவில் அவ்வளவு தண்ணீர் ஓடினாலும் அதற்கு அந்த மரியாதை கிடையாது. 12-ஆம் நூற்றாண்டுக்கும் 16-ஆம் நூற்றாண்டுக்கும் இடையே, மெல்ல மெல்ல, கங்கையின் பெரும்பங்கு கிழக்கே பத்மாவுக்குப் போய்விட்டது.

இப்படி ஏன் நடக்கிறது என்று காவிரிக்கரைக்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, வாட்டம் அதிகம், கடலுக்குப் போகும் வழி நேர். எந்தக் கிளையில் வாட்டம் அதிகமோ அங்கே தண்ணீர் வேகமாக ஓடும். வேகமாக ஓடுவதால் படுகையை அறுத்து இன்னும் ஆழமாக்கும். ஆழமானதால் இன்னும் அதிகத் தண்ணீரை இழுக்கும். மறுகிளையில் வேகம் குறையும், வண்டல் படியும், தலைப்பு மேடாகும், தண்ணீர் இன்னும் குறையும். இந்தச் சுழற்சி ஒருமுறை தொடங்கிவிட்டால் தானாக நிற்காது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடம் இப்படித்தான் காவிரியின் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. தஞ்சைக் கடைமடை காய்ந்தது. 1836-இல் ஆர்தர் காட்டன் என்ற பொறியாளர் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். கொள்ளிடத்துக்குக் குறுக்கே ஒரு தடை. எஞ்சிய தண்ணீர் காவிரிக்குத் திரும்பியது. தஞ்சை தப்பியது.

அதே காட்டன் 1850-களில் வங்காளத்துப் பிரச்சினையைப் பார்த்தார். கங்கையின் குறுக்கே ஓர் அணை கட்டித் தண்ணீரை ஹூக்ளிக்குத் திருப்பலாம் என்று யோசனை சொன்னார். நூறாண்டு கழித்து எழுந்த ஃபராக்கா அணையின் முதல் விதை, ஒரு வகையில், முக்கொம்பில் முளைத்தது என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் இரண்டு இடத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. முக்கொம்பில் கடல் இல்லை. காட்டன் சமாளித்தது ஆற்றின் வாட்டத்தை மட்டும்தான். ஹூக்ளியில் கடல் நாள்தோறும் இரண்டு முறை உள்ளே வருகிறது, கொல்கத்தாவைத் தாண்டி நவத்வீபம் வரை.

கொல்கத்தாவின் படித்துறை ஒன்றில் அரை நாள் உட்கார்ந்தால் இதைப் பார்த்துவிடலாம். சாமந்திப்பூ மாலைகளும் ஆகாயத்தாமரைக் கொத்துகளும் தெற்கே மிதந்து போகும். பிறகு தயங்கி நிற்கும். பிறகு வந்த வழியே வடக்கே கிளம்பிவிடும், போனதைவிட வேகமாக. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடலேற்றம் சில சமயம் ஒரு சுவர் போல எழுந்து வரும். அதைக் கரையோர மக்கள் ‘பான்’ என்கிறார்கள். பான் வரும் நேரம் தெரிந்த படகுக்காரர்கள் படகைக் கரையில் விடாமல் நடு ஆற்றுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஆழமான இடத்தில் அலை உடையாது. கரையோர ஆழமற்ற நீரில்தான் உடைந்து அடிக்கும்.

கடலேற்றம் ஏன் சுவராக எழுகிறது? ஹூக்ளியின் முகத்துவாரம் புனல் வடிவம். வாயில் பல கிலோமீட்டர் அகலம். கொல்கத்தாவில் வெறும் அரைக் கிலோமீட்டர். உள்ளே வரும் நீர் ஒடுங்க ஒடுங்க உயர்கிறது. டயமண்ட் ஹார்பர் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 4, 5 மீட்டர் வித்தியாசம் வரும் நாள்கள் உண்டு. இத்துடன் இன்னொரு விஷயமும் சேர்கிறது. ஆழமற்ற நீரில் இத்தகைய நீண்ட அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது, ஆழத்தை 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அலையின் வேகம் கிடைக்கும். ஏற்றத்தின் உச்சி 9 மீட்டர் ஆழத்தில் போகிறது என்றால் அதன் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 9.4 மீட்டர். அதற்கு முன்னே போகும் பள்ளம் 5 மீட்டர் ஆழத்தில் போகிறது என்றால் 7 மீட்டர். பின்னால் வரும் உச்சி முன்னால் போகும் பள்ளத்தை எட்டிப் பிடித்துக்கொண்டே வருகிறது. கொல்கத்தாவை அடைவதற்குள் அலையின் முன்பக்கம் செங்குத்தாகிவிடுகிறது. பின்பக்கமோ சாய்ந்து நீள்கிறது. அதனால் கொல்கத்தாவில் கடல் ஏறுவது சுமார் 4 மணி நேரம். வடிவது சுமார் 8 மணி நேரம்.

ஹூக்ளியின் எல்லாச் சிக்கலும் இந்த 4-க்கும் 8-க்கும் நடுவில் இருக்கிறது.

வந்த தண்ணீர் முழுதும் திரும்பிப் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 மணி நேரத்தில் வந்தது 8 மணி நேரத்தில் போனால், வரும்போது வேகம் 2, போகும்போது வேகம் 1. (வினாடிக்கு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரிய ஏற்ற நாள்களில் ஹூக்ளியின் நீரோட்டம் உண்மையிலேயே 2 மீட்டரைத் தொடும்.) தண்ணீர்க் கணக்கு சரியாகிவிட்டது: நாலு ரெண்டு எட்டு, எட்டு ஒண்ணு எட்டு. ஆனால் வண்டல் தண்ணீரின் கணக்குக்குக் கட்டுப்படாது. ஓடும் நீர் சுமக்கும் வண்டலின் அளவு வேகத்தோடு நேராக ஏறுவதில்லை. தோராயமாக வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. வேகம் இரட்டித்தால் சுமை எட்டு மடங்கு. ஆக, ஏற்றத்தில் உள்ளே வரும் வண்டல்: 4 × 8 = 32. வற்றத்தில் வெளியே போவது: 8 × 1 = 8. தண்ணீர் அத்தனையும் திரும்பிவிட்டது. வண்டலில் முக்கால் பங்கு உள்ளேயே தங்கிவிட்டது.

இது தோராயக் கணக்கு என்பதை மறந்துவிடக்கூடாது. நிஜ ஆறு இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. படுகையின் தன்மை, வண்டல் துகளின் பருமன், உப்புநீரும் நன்னீரும் கலக்கும் விதம் என்று பலதும் குறுக்கே வரும். ஆனால் கணக்கு காட்டும் திசை சரி. கோடையில் ஹூக்ளியைத் தூர்ப்பது மேலிருந்து வரும் ஆறு அல்ல, கீழிருந்து வரும் கடல். மேலிருந்து வருவதாகத்தான் பலரும் நினைக்கிறோம்.

இப்போது அந்த 40,000 கன அடியைச் சேர்த்துப் பார்ப்போம். வினாடிக்கு 40,000 கன அடி என்பது 1,133 கனமீட்டர். மேட்டூர் நீர்வரத்தை நாளிதழில் பார்த்துப் பழகியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வரத்து என்று தெரியும். கொல்கத்தாவில் ஆற்றின் அகலம் சுமார் 500 மீட்டர். 2024-இல் ஹூக்ளிக்கு அடியில் ஓடத் தொடங்கிய மெட்ரோவின் சுரங்கம் ஆற்றுக்குக் கீழே 520 மீட்டர். சராசரி ஆழம் 8 மீட்டர் என்று வைத்தால் ஆற்றின் குறுக்குப் பரப்பு 4,000 சதுரமீட்டர். 1,133-ஐ 4,000-ஆல் வகுத்தால் வினாடிக்கு 0.28 மீட்டர், 0.3 என்றே எடுத்துக்கொள்வோம். கடல் ஏறும்போது இந்த நன்னீர் அதை எதிர்த்து நிற்கும்: வேகம் 2-லிருந்து 1.7 ஆகும். வடியும்போது கூடத் தள்ளும்: 1-லிருந்து 1.3 ஆகும். மும்மடிக் கணக்கை மறுபடி போட்டால், உள்ளே வருவது 4 × 4.9, ஏறக்குறைய 20. வெளியே போவது 8 × 2.2, ஏறக்குறைய 18. 32-க்கு 8 என்று இருந்தது 20-க்கு 18 ஆகிவிட்டது! நீரோட்டத்தில் சிறு மாற்றம்தான். மும்மடி அதைப் பெரிதாக்கிவிடுகிறது. கொல்கத்தாவை மட்டும் பார்த்தால் 40,000 கன அடி கேட்டவர்கள் தவறாகக் கேட்கவில்லை.

ஆனால் கப்பல் கொல்கத்தாவில் தொடங்குவதில்லையே. அது கடலிலிருந்து வருகிறது. டயமண்ட் ஹார்பருக்குக் கீழே ஆறு அகன்றுவிடுகிறது. அகலம் 3 கிலோமீட்டர், ஆழம் 6 மீட்டர் என்று ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். குறுக்குப் பரப்பு 18,000 சதுரமீட்டர். அதே 1,133 கனமீட்டர் அங்கே தரும் வேகம் வினாடிக்கு 0.06 மீட்டர், அதாவது 6 சென்டிமீட்டர். மறுபடி மும்மடிக் கணக்கு: உள்ளே வருவது 29, வெளியே போவது 9 அல்லது 10. இன்னும் மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கிறது. அங்கே கடலுக்கு அந்த 40,000 கன அடி பொருட்டே இல்லை. இன்னும் தெற்கே, ஹால்தியாவுக்கு அருகே, பலாரி, ஜெலிங்ஹாம் போன்ற திட்டுகள் கப்பல்களை மறிக்கும் இடங்களில் ஆறு இதைவிட அகலம்.

மழைக்காலத்தில் கதை வேறு. ஆடி, ஆவணியில் பெருவெள்ளம் வரும்போது நன்னீர் வண்டலைக் கடலுக்குத் தள்ளும். தாமோதர் அந்த வேலையில் பெரிய கை கொடுத்தது. ஆண்டுதோறும் வெள்ளம் கொண்டுவந்து பர்துவானையும் ஹூக்ளி மாவட்டத்தையும் மூழ்கடித்த அந்த ஆறு, கொல்கத்தாவுக்குக் கீழே ஹூக்ளியில் இறங்கித் திட்டுகளை அறுத்துக்கொண்டு போகும். 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் தொடங்கியது. 1953-க்கும் 1959-க்கும் நடுவே திலையா, கோனார், மைத்தோன், பஞ்சேத் என்று நான்கு அணைகள் எழுந்தன. வெள்ளம் குறைந்தது. வயல்கள் தப்பின, திட்டுகளும் தப்பின.

இதைச் சொன்னவர் கபில் பட்டாச்சார்யா, மேற்கு வங்க நீர்ப்பாசனத் துறைப் பொறியாளர். தாமோதர் அணைகளால் கீழ் ஹூக்ளி தூரும் என்று எச்சரித்தார். ஃபராக்கா கட்டினால் துறைமுகம் பிழைக்காது, மால்டாவும் முர்ஷிதாபாதும்தான் அழியும் என்றும் சொன்னார். அவரைப் பாகிஸ்தானின் கையாள் என்று பத்திரிகையில் எழுதினார்கள். அவர் வேலையை விட்டு விலக வேண்டியதாயிற்று. அரசின் கையில் ஜெர்மானிய நீரியல் வல்லுநர் வால்டர் ஹென்சன் 1957-இல் கொடுத்த அறிக்கை இருந்தது. ஹூக்ளியைக் காக்கக் கங்கையின் குறுக்கே அணைதான் வழி என்றது அது. ஹென்சன் சொன்னதில் இயற்பியல் பிழை இல்லை. மேலிருந்து வரும் நன்னீர் கடலை எதிர்க்கும் என்பது உண்மைதான். எவ்வளவு தூரம் எதிர்க்கும் என்பதில்தான் கபில் பட்டாச்சார்யா சரியாக இருந்தார் என்பது என் தீர்ப்பு.

1961-இல் வேலை தொடங்கி, 1975 ஏப்ரல் 21-இல் ஃபராக்கா இயங்கத் தொடங்கியது. இரண்டேகால் கிலோமீட்டர் நீளம், 109 மதகுக் கதவுகள். அங்கிருந்து 38 கிலோமீட்டருக்கு ஒரு கால்வாய் வெட்டி, ஜங்கிப்பூருக்குக் கீழே பாகீரதியில் தண்ணீரை விட்டார்கள். அதற்கு முன் ஆண்டில் பல மாதங்கள் பாகீரதியின் தலைப்பு மேடிட்டு கங்கையோடு தொடர்பே அற்றுக் கிடந்தது. கால்வாய் வந்தபின் ஆண்டு முழுதும் தண்ணீர். கொல்கத்தாவுக்கு வடக்கே ஆறு உயிர் பெற்றது. தெற்கே திட்டுகள் வளர்ந்தன. தூர்வாரும் வேலை குறையும் என்று எதிர்பார்த்தார்கள். பல மடங்கு ஏறியது. நாம் தாளில் போட்ட கணக்கு ஆற்றில் நடந்து முடிந்தது.

வாரிய மண்ணை எங்கே போடுவது என்பதும் ஒரு சிக்கல்தான். ஆற்றிலேயே வேறோர் இடத்தில் கொட்டினால் அடுத்த ஏற்றத்தில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும். கடலில் கொண்டுபோய்க் கொட்டுவதற்குச் செலவு அதிகம்.

அணைக்கு மேலே என்ன ஆயிற்று? தண்ணீரைத் தேக்கினால் வேகம் குறையும். வேகம் குறைந்தால், அதே மும்மடி விதிப்படி, வண்டல் மடமடவென்று இறங்கும். அணைக்குப் பின்னால் படுகை மேடிட்டது. ஆறு வழி தேடி இடது கரையை, அதாவது மால்டாவை, தின்னத் தொடங்கியது. பஞ்சானந்தபூர் என்ற பெரிய சந்தை ஊர் ஆற்றோடு போயிற்று. அணைக்குக் கீழே முர்ஷிதாபாத் பக்கம் வலது கரை சரிந்தது. வீடு இழந்தவர்களில் பலர் ஆற்றில் புதிதாக முளைத்த திட்டுகளில் போய்க் குடியேறினார்கள். அவை எந்த மாநிலத்துக்குச் சொந்தம் என்று மேற்கு வங்கமும் அன்றைய பீகாரும், பின்னர் ஜார்க்கண்டும், இழுத்துக்கொண்டு கிடந்தன. கடலிலிருந்து கங்கையில் ஏறி அலகாபாத் வரை முட்டையிடப் போன இலிஷ் மீன் ஃபராக்காவோடு நின்றுபோனது. பீகாரின் மீனவர் ஒருவருக்குக் கொல்கத்தாத் துறைமுகத்தோடு என்ன சம்பந்தம் என்று கேட்டால், அவருடைய வலைதான் பதில்.

எல்லைக்கு அந்தப்புறம் இழப்பு இன்னும் பெரிது. ஃபராக்கா வங்கதேச எல்லையிலிருந்து 20 கிலோமீட்டர்கூட இல்லை. கோடையில் பத்மாவில் தண்ணீர் குறைய, அதிலிருந்து தென்மேற்கே பிரியும் கொராய் ஆறு காய்ந்தது. கொராய் கடலை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருந்த குல்னா பகுதியில் உப்பு ஏறியது. ஹூக்ளியில் கடலைத் தள்ள எடுத்த தண்ணீர், பக்கத்து ஆற்றில் கடலைத் தள்ளிக்கொண்டிருந்த தண்ணீர். 1976 மே மாதம் மௌலானா பாஷானி என்ற வங்கதேச அரசியல் தலைவரின் தலைமையில் ஃபராக்காவை நோக்கி ஒரு பெரும் நடைப்பயணம் கிளம்பியது. அந்த ஊர்வலத்தில் போனவர்களுக்கு மும்மடி விதி தெரிந்திருக்க வேண்டியதில்லை. கிணற்று நீர் கரித்தது போதும்.

உப்பு என்றதும் ஹூக்ளியின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். துறைமுகத்தைக் காக்காத ஃபராக்கா, யாரும் அதிகம் பேசாத ஒரு வேலையைச் செய்து முடித்தது. கொல்கத்தாவின் குடிநீர் நகரத்துக்கு வடக்கே பல்தாவில் ஹூக்ளியிலிருந்து எடுக்கப்படுகிறது. 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே அப்படித்தான். 1975-க்கு முன் கோடையில் கடலின் உப்பு அந்த நீரேற்று நிலையம் வரை ஏறிவந்தது. கால்வாய்த் தண்ணீர் வந்தபின் உப்பு தெற்கே இறங்கிவிட்டது. வண்டலை விட உப்பைத் தள்ளுவது சுலபம். வண்டல் படுகையில் இறங்கி ஒளிந்துகொள்ளும், அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்கும். உப்பு நீரில் கரைந்தே கிடப்பதால் நீர் போகும் இடத்துக்கெல்லாம் கூடவே போய்த்தான் ஆக வேண்டும். அதற்கு மும்மடிச் சலுகை கிடையாது.

வண்டலைத் திட்டிக்கொண்டே போனால் நியாயமாகாது. கொல்கத்தா நிற்கும் நிலமே வண்டல்தான். வெள்ளம் கரை புரளும்போது வேகம் திடீரென்று குறைகிறது. பருத்த மணல் கரையோரத்திலேயே விழுகிறது, நுண்ணிய சேறு தூரம் போய்ப் படிகிறது. இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நடந்ததில் ஆற்றங்கரை மேடாகவும், ஆற்றைவிட்டு விலகிப் போகப் போக நிலம் பள்ளமாகவும் ஆகிவிட்டது. கம்பெனிக்காரர்கள் மேட்டில் வீடு கட்டினார்கள். அதனால் கொல்கத்தாவின் சாக்கடை பக்கத்திலேயே ஓடும் ஆற்றுக்குப் போவதில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே போகிறது. முதலில் பித்யாதரி என்ற ஓத ஆற்றில் விட்டார்கள். அந்த ஆறும் தூர்ந்து, 1928-இல் செத்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அது விட்டுப்போன சதுப்பில் கழிவுநீரைத் தேக்கி மீன் வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள் அந்தப் பகுதி மக்கள். வெயிலும் பாசியும் கழிவைத் தின்கின்றன. பாசியை மீன் தின்கிறது. மீனை நகரம் தின்கிறது. 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இந்தக் கிழக்குக் கொல்கத்தா சதுப்புநிலம் 2002-இல் ராம்சர் என்ற உலகச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்ந்தது. அதன் அருமையை உலகுக்கு எடுத்துச் சொல்லிச் சளைக்காதவர் துருபஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர். பெருநகரம் ஒன்றின் கழிவுநீரை இவ்வளவு மலிவாகச் சுத்திகரிக்கும் இன்னோர் ஏற்பாட்டை எந்த நிறுவனமும் கட்டிக் காட்டியதாகத் தெரியவில்லை. இப்போது அதன் ஓரங்களில் அடுக்குமாடி வீடுகள் ஏறிக்கொண்டிருக்கின்றன.

செத்த ஆற்றை வேறு விதமாகவும் நடத்தலாம். ஆதி கங்கை என்பது ஹூக்ளியின் பழைய வழி; காளிகாட் கோயிலை ஒட்டிப் போகும். 1770-களில் வில்லியம் டாலி என்பவர் அதைத் தூர்வாரிப் படகு விட்டார். கொல்கத்தா மெட்ரோவைத் தெற்கே நீட்டியபோது அந்த ஆற்றின் படுகையிலேயே தூண்களை நட்டுவிட்டார்கள்.

ஃபராக்கா நீரைப் பகிர்ந்துகொள்ள இந்தியாவும் வங்கதேசமும் 1996 டிசம்பர் 12-இல் 30 ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டன. ஜனவரி முதல் மே வரை, ஃபராக்காவில் 70,000 கன அடியோ அதற்குக் குறைவோ இருந்தால் ஆளுக்குப் பாதி. 75,000-க்கு மேல் இருந்தால் இந்தியாவுக்கு 40,000, மீதி வங்கதேசத்துக்கு. காகிதத்தில் அந்தப் பழைய எண் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் ஏப்ரலில் கங்கையில் 75,000 வருவது அரிது. கடல் மிக வேகமாக ஏறும் மாதங்களில், கணக்குப் போட்டவர்கள் கேட்ட 40,000 பல ஆண்டுகளில் கிடைப்பதே இல்லை.

ஒப்பந்தத்தின் காலம் 2026 டிசம்பரோடு முடிகிறது. அதன் பிறகு தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்று பேச உட்காருபவர்கள் 40,000 கன அடியைத் துறைமுகத்தின் பெயரால் கேட்பதை விட்டுவிட வேண்டும். துறைமுகத்துக்கு அது போதாது. இரண்டு மடங்கு கொடுத்தாலும் ஹால்தியாவின் திட்டுகள் அசையாது. பல்தாவின் குடிநீருக்கு எவ்வளவு வேண்டும், குல்னாவின் கிணறுகளுக்கு எவ்வளவு வேண்டும் என்று உப்பை அளந்து கேட்டால் இரண்டு பக்கமும் ஒரே அளவுகோலால் பேச முடியும். கப்பல்களுக்கான ஆழம் தூர்வாரும் செலவில்தான் கிடைக்கும். அந்தச் செலவு கட்டுப்படியாகாத நாள் வரும்போது, தாம்ரலிப்தியிலிருந்து தொடங்கிய வழக்கப்படி, துறைமுகம் இன்னொரு முறை கடலை நோக்கி நகர்ந்துகொள்ளும்.